ஜித்தாவில் கித்துல் தேடிய கதை

மாவனல்லையில் இருந்த காலத்தில் கித்துல் கருப்பட்டியின் அருமை எங்களுக்குத் தெரியவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் வார்த்தெடுத்த அந்தக் கறுப்புக் கட்டி, கடைக்கு ஆள் அனுப்பினால் வந்துவிடும். கடல் கடந்து ஜித்தாவில் குடியேறிய பிறகுதான், அது இல்லாத வீட்டில் வட்டிலப்பம் இல்லை, வட்டிலப்பம் இல்லாவிட்டால் பெருநாளும் பாதிதான் என்று விளங்கியது.

அங்கே ஒரு பாடசாலையில் நான் அரபு கற்பித்து வந்தேன். வருடா வருடம் உம்றாவுக்கு வரும் ஊரவர் யாரிடமாவது மாமி கருப்பட்டி கொடுத்தனுப்புவார்கள். 2011ஆம் வருடம் றஜப் மாதத்தில் மாமி வபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன். பயணத்துக்கான அனுமதி கையில் கிடைக்கும் முன்பே ஜனாஸா அடக்கம் முடிந்துவிட்டது. மனைவி அழுதது ஒரு நாள்தான். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நோன்பு இருபதைத் தாண்டிய ஓர் இரவு, டின்னைத் திறந்து காட்டினார். அடியில் விரலளவுத் துண்டு ஒன்றுதான் இருந்தது.

"இந்த முறை வேணாங்க" என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பேரீச்ச மரங்களின் நாட்டில் இனிப்புக்கா பஞ்சம் என்று அல்பலத் கடைவீதிக்குப் போய், பேரீச்சம் பாகு ஒரு போத்தல் வாங்கி வந்தேன். அரபிகள் அதை திப்ஸ் என்பார்கள். நிறம் அசல் கித்துல் பாணி! ஆனால் வெந்து இறங்கியபோது கரண்டி வைத்த இடமெல்லாம் குழைந்தது. கட்டிக்குப் பதிலாகப் பாகை ஊற்றினால் அதிலுள்ள நீருக்கு ஏற்பத் தேங்காய்ப் பாலைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. ருசியும் பேரீச்சம் பழத்தின் ருசியே. "நல்ல பண்டம்தான். ஆனா வட்டிலப்பம் இல்ல" என்று தீர்ப்பு வந்தது. (மௌலவிமார் குசினிக்குள் கருத்துச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பழைய பத்வா.) அடுத்து, சுப்பர் மார்க்கெட் சிவப்புச் சீனியில் ஒரு சின்னக் கிண்ணம் செய்து பார்த்தார். அதில் இனிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

றமழானில் ஜித்தாவின் கடைகள் நடுநிசி கடந்தும் திறந்திருக்கும். தறாவீஹ் முடிந்து ஷரஃபிய்யாவுக்குப் போனேன். கேரளத்தவர்கள் நிறைந்த பகுதி அது. கடைக்காரர் இரண்டு கட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் நிறக் கரும்பு வெல்லம். மற்றது கறுத்தது.

"உஸ்தாதே, இது பனங்கருப்பட்டி" என்றார்.

பனை, கித்துல், பேரீச்சை மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். ஆனால் பேரீச்சையின் பாகு பழத்திலிருந்து வருகிறது. பனையிலும் கித்துலிலும் பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சுகிறார்கள். அந்தக் காய்ச்சின மணமே நாங்கள் தேடியது என்பது கட்டியை முகர்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது.

சகோதரிகளுக்காக அளவையும் சொல்லிவிடுகிறேன். பனங்கருப்பட்டி 400 கிராம், முட்டை 10, கெட்டித் தேங்காய்ப் பால் இரண்டு கோப்பை, திப்ஸ் இரண்டு மேசைக் கரண்டி, ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய். கருப்பட்டியைக் கரைத்துத் துணியில் வடிகட்டுவது கட்டாயம், அதில் மண் இருக்கும். உப்புச் சேர்க்க வேண்டாம், பனங்கருப்பட்டியிலேயே உப்புக் கரிப்பு உண்டு. பெரிய நீராவிச் சட்டி இல்லாததால், மனைவி பாத்திரத்தை அலுமினியத் தாளால் மூடி, சுடுநீர் ஊற்றிய தட்டில் வைத்து, ஓவனில் 160 பாகையில் ஒரு மணி நேரம் வேக விட்டார். கடைசியாக இருந்த அந்த விரலளவுக் கித்துலையும் கலவையில் சீவிப் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து வந்தேன். மேல்மாடி மிஸ்ரிக் குடும்பத்துக்கு ஒரு தட்டுப் போயிருந்தது. மனைவி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"உம்மா இருந்தா, உப்பு கூடிட்டு மகள்னு சொல்லியிருப்பாங்க" என்றார்.

பிறகு உம்மாவின் குசினி, உம்மாவின் கோபம், முட்டை அடிக்கும்போது உம்மா யாரையும் பேச விடாதது என்று ளுஹர் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.