கடற்காற்றில் ஒரு கார்

கல்கிசையில் கடலும் ரயில் பாதையும் காலி வீதியும் கூப்பிடு தூரத்திலேயே கிடக்கின்றன. காற்றோடு உப்பு வரும். ஓடும் ரயிலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் வரும். வீதியிலிருந்து புகையும் தாரும் வரும். நேற்றுக் கழுவிய காரின் பொனற்றில் இன்று விரலை வைத்தால் பிசுபிசுக்கும். துரு கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை, பிள்ளைகளே.

என் இளவயதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் மொறிஸ் மைனர் வைத்திருந்தார். வெயில் ஏறுமுன் மாமர நிழலில் காரை நிறுத்துவார். பேணியிலிருந்த கட்டி மெழுகைப் பழைய பெனியன் துண்டில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசுவார். அது வெள்ளை படர்ந்து காயும்வரை திண்ணையில் இருந்து பேப்பர் வாசிப்பார். அந்தக் காத்திருப்பும் வேலையின் ஒரு பகுதி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் காலத்துக்குப் பிறகும் அந்தக் கார் மங்காமல் ஓடியது.

இன்று மெழுகு ஸ்பிரே போத்தலில் வருகிறது. பலவற்றில் பிரேசிலின் கார்னோபா பனையோலை மெழுகு கலந்திருக்கும். வறண்ட நிலத்தில் ஓலையின் ஈரம் போகாமல் அந்த மரம் தானே சுரந்து பூசிக்கொள்வது அது. இன்றைய காரின் நிறத்தைக் காப்பது மேலேயுள்ள, கண்ணாடிபோலத் தெளிந்த பூச்சு. அதன் தடிப்பு ஏறத்தாழ 50 மைக்ரோன், தலைமயிரைவிட மெல்லியது. தேய்த்துத் தேய்த்து அதைக் கரைத்துவிட்டால் திரும்ப வளராது. ஆகவே அதற்கு மேலே மெழுகு இருக்கட்டும்; உப்பும் காக எச்சமும் முதலில் மெழுகைத் தின்னட்டும்.

அயலிலுள்ள தம்பி ஒருவர் நடுமத்தியானத்தில், சுடுகிற பொனற் முழுவதும் ஒரேயடியாக ஸ்பிரே அடித்தார். துடைக்குமுன் காய்ந்து கோடுகோடாகப் படிந்துவிட்டது. கோபத்தில் அழுத்தித் தேய்த்தார். "விடுங்கோ தம்பி, பின்னேரம் பாப்பம்" என்றேன். வெயில் தாழ்ந்து தகடு ஆறிய பிறகு, கோடு விழுந்த இடத்தில் திரும்ப ஒருமுறை மெல்ல ஸ்பிரே அடித்து உடனே துடைத்ததும் எல்லாம் கரைந்து வந்தது. மத்தியானம் அவருடைய பலத்தால் ஆகாததைப் பின்னேரத்து நிழல் செய்து கொடுத்தது. அவசரப்படுகிறவனுக்கு வேலை இரண்டு.

முதலில் கழுவி ஈரம் துடையுங்கள். ஒரு கதவுக்கு மெழுகு பூசி மினுக்கிய பிறகு அடுத்த கதவு. மைக்ரோபைபர் துணி இரண்டு வேண்டும்: ஒன்று பரப்ப, உலர்ந்த மற்றது மினுக்க. நிலத்தில் விழுந்த துணியை மறுபடி தொடாதீர்கள். இங்கே அதில் கடல்மணல் ஒட்டாமல் வராது. ஒரு மணல்மணி போதும், நூறு கீறல் விழ.

இவ்வளவு பாடு எதற்கென்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. சொந்தக் கார்களுக்கு அது திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடத்தில் கையிலிருந்த பழைய காரின் அருமை கொழும்பு முழுவதற்கும் தெரிந்தது. பொறுமையாகப் பேணியவர்கள் அப்போது தவித்ததை நான் காணவில்லை.

ஸ்பிரே மெழுகு சில கிழமைகள்தான் நிற்கும். தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் தட்டையாகப் படரத் தொடங்கினால் மறுபடி பூசுங்கள். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று எழுமுன் ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள், கதவின் கீழ்விளிம்பையும் விட்டுவிடாமல்.