வழிவிடுங்கள்

மரக்காணத்து உப்பளங்களில் வளர்ந்த நமக்கு இயந்திரம் என்றாலே உப்புநீர் இறைக்கும் எஞ்சின்தான் நினைவுக்கு வரும். கோடையில் அது நின்றுவிட்டால் பாத்திகளுக்கு நீர் ஏறாது. அதைக் கண்டு அத்தா சிரித்ததுமில்லை, அதன்மேல் இரக்கப்பட்டதுமில்லை. எண்ணெய்த் துணியும் ஸ்பானருமாக அதன் பக்கத்தில் குந்திவிடுவார்கள்.

சென்ற விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்த மகன், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நம்மையெல்லாம் சென்னைக்கு அழைத்துப்போய், இயந்திர மனிதன் உணவு கொண்டுவரும் விடுதியொன்றில் அமர்த்தினான். இத்தகைய விடுதிகள் சென்னைக்கு 2017-லேயே வந்துவிட்டனவாம். நாம் கண்டது இப்போதுதான். தரையில் ஒட்டிய பட்டையை உணர்ந்து அது நகர்கிறது. குறுக்கே எவரேனும் நின்றால் வழிவிடக் கேட்கிறது.

நம் மேசைக்கு நாலடி தூரத்தில் அது நின்றுவிட்டது. பட்டை பெயர்ந்திருந்தது. எதிரே ஒருவருமில்லை, அதுவோ ‘வழிவிடுங்கள், வழிவிடுங்கள்’ என்று மன்றாடிக்கொண்டே இருந்தது. கூடம் முழுவதும் சிரித்தது. படமெடுக்கச் செல்பேசிகள் உயர்ந்தன. பேத்தி, “பாவம், அதுக்குக் கால் வலிக்குதா?” என்றாள். இரண்டு கண்களும் ஒரு புன்னகையும் வைத்துவிட்டால் தகரத்துக்கும் நம் நெஞ்சு இளகிவிடுகிறது!

ஓர் இளைஞன் ஓடிவந்து, அதன் கையிலிருந்த தட்டுகளை எடுத்துப் பரிமாறினான். எல்லாம் ஆறிப்போயிருந்தன. பக்கத்து மேசைப் பெரியவர் பொங்கிவிட்டார்: “காசு வாங்கத் தெரியுது, சூடாக் கொடுக்கத் தெரியலையா?” அவன் தலைகுனிந்து நின்றான். பிழை செய்தது ஒன்று, ஏச்சு வாங்கியது மற்றொருவன். நாமும் வாய் திறக்கவில்லை. நம் தட்டும் ஆறியிருந்ததல்லவா, அந்த ஏச்சு உள்ளூர நமக்கும் இதமாகவே இருந்தது.

இயந்திரப் பணியாளர்களைப் பெரிதும் நம்பி ஜப்பானில் 2015-ல் திறந்த ஹென்னா ஹோட்டலின் கதையைப் பிறகு மகன் சொன்னான். அறையிலிருந்த பொம்மை, விருந்தாளியின் குறட்டையைக் கேள்வியென்று எண்ணி, நள்ளிரவில் அவரை எழுப்பி, சொன்னது விளங்கவில்லை என்றதாம், அதுவும் ஒருமுறையல்ல. இயந்திரங்களின் தவறுகளைச் சரிசெய்வதே அங்கிருந்த மனிதர்களுக்குக் கூடுதல் வேலையாயிற்று. 243 இயந்திரங்களில் பாதிக்குமேல் நீக்கிவிட்டதாக 2019-ல் செய்தி வந்தது.

விடுதியைவிட்டு வெளியேறும்போது திரும்பிப் பார்த்தோம். அந்த இளைஞன் தரையில் குந்தி, பெயர்ந்த பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தான். அவனையும் அது வழிவிடக் கேட்டுக்கொண்டிருந்தது.