பரணில் இருந்த செருப்பு

கதையில் ஆளை மறைக்க என்னிடம் சில கைவேலைகள் உண்டு. ஊரை மாற்றுவேன், தொழிலை மாற்றுவேன், தேவைப்பட்டால் ஆணைப் பெண்ணாக்கிவிடுவேன். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்த என் அத்தையை 30 வருடத்துக்கு முன் ஒரு கதையில் தஞ்சாவூர்க்காரியாக்கித் தபாலாபீசில் உட்காரவைத்தேன். பேச்சில் கரிசல் வாடை அடிக்கிறது என்று ஆசிரியர் சொல்ல, அதையும் சுரண்டி எடுத்தேன்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. மாமா புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. அவருடைய பழைய தோல்செருப்பு அடுப்படிப் பரணில் கிடந்தது. எல்லோரும் உறங்கியபின் அத்தை அதை இறக்குவாள். தோல் விறைத்துவிடாமல் விளக்கெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, மறுபடி மேலே வைத்துவிடுவாள். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த நான் பாயில் படுத்தபடி பார்த்தது அது. நான் விழித்திருந்தது அவளுக்குத் தெரியாது.

கதை நின்றதே அந்தச் செருப்பில்தான். அதை எடுத்துவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். புருஷன் ஓடிப்போனவளின் புலம்பலாகப் போயிற்று. மூக்குக்கண்ணாடி, சைக்கிள், வெற்றிலைச்செல்லம் என்று வேறு பொருள்களை வைத்தும் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை. இந்தத் தொழிலில் இது ஒரு வில்லங்கம்: கதைக்கு எது உயிர் கொடுக்கிறதோ அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊரும் பேரும் மேல்சட்டைதான்.

எழுத்தாளனின் நேர்மை என்றால் எங்களுக்கு முன்னால் நின்றவர் சி.சு. செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். பெரிய பத்திரிகைக்கு வளையாதே, பரிசுக்கு அலையாதே என்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அதில் நான் ஓரளவு ஒழுங்காகவே இருந்தேன். கதையில் வருகிற ஆளுக்கு என்ன பாக்கி என்று மட்டும் யோசித்ததில்லை. கதை வந்த இதழ் சில நூறு பிரதி. அத்தை வீட்டுத் திசைக்கே போகாது. அந்தத் தைரியத்தையும் நேர்மையில் சேர்த்துக்கொண்டேன்.

போன வருடம் யாரோ பழைய இதழின் பக்கங்களைப் படமெடுத்துப் போட, அது சுற்றிச் சுற்றி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் பெருமை. பேத்தி அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

பொங்கலுக்குப் போனேன். “என்ன மருமவனே, நல்லா எழுதுறியாமே” என்றாள். காப்பி கொடுத்தாள். அவ்வளவுதான். பரணைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். செருப்பு இல்லை.

எழுதுகிற நண்பர்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ‘மாதொருபாகன்’ நாவலுக்காக நெருக்கப்பட்டு, தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் அறிவித்தபோது கண்டனக் கூட்டங்களுக்குப் போனவன் நான். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இன்றும் அதே நிலைதான். ஊர் மானம் என்று திரண்டு வருகிற கூட்டத்துக்கு எழுத்தாளன் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அத்தை கூட்டமாக வரவில்லை. மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லை. இருந்த ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டாள், அல்லது எறிந்துவிட்டாள். எது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

எழுதுவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறாள் மனைவி. கேட்டிருந்தால் “எழுதிக்கோ” என்றுதான் சொல்லியிருப்பாள். செருப்பு அன்றைக்கே பரணைவிட்டுப் போயிருக்கும்.

இப்போது என் கதைகள் தொகுப்பாக வரவிருக்கின்றன. மெய்ப்பில் அந்தக் கதை ஆறாவது. எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு இரண்டு முறை போன் போட்டேன். இரண்டு முறையும் அட்டைப்படத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.