நீல மணியின் பிறந்த வீடு

சிண்ட் யூஸ்டேஷியஸ் 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள கரீபியத் தீவு. ஊர்க்காரர்கள் ஸ்டேஷியா என்பார்கள். இங்கே வருகிறவர்கள் குவில் எரிமலையில் ஏறி, அதன் வாய்க்குள் செழித்திருக்கும் இலவ மரக் காட்டைப் பார்க்கிறார்கள். ஸீலேண்டியா கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும் காலத்துக்குக் காத்திருக்கிறார்கள். நானும் அதையெல்லாம் பார்த்தேன். ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது ஒரு கண்ணாடி மணி.

தீவில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் தங்களுக்குள் நீல மணிகளையே பணமாகப் புழங்கினார்கள். ஒரு பெண்ணின் இடுப்பைச் சுற்றி வரும் அளவுக்கு மணி சேர்த்தவன் அவளை மணக்கலாம். 1863 ஜூலை 1 அன்று டச்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் இனி இது வேண்டாம் என்று மணிகளை வாரிக் கடலில் வீசினார்கள். புயலுக்குப் பின் இன்றும் மணி கரை ஒதுங்குவது அதனால்தான். இந்தக் கதையில் எது நடந்தது, எது பின்னால் சேர்ந்தது?

ஆரஞ்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மூதாட்டி தன் கழுத்திலிருந்த மணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “நாங்க மணியைத் தேடிப் போறதில்லை தம்பி, மணிதான் ஆளைத் தேடி வரும்” என்றார். தீவில் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. மணியில் ஐந்து பட்டைகள். விளிம்புகள் கடலில் உரசி மழுங்கியிருந்தன. நிழலில் கறுப்பாகத் தெரிந்தது, வெயிலுக்கு நேரே பிடித்ததும் அடர்நீலமாகிவிட்டது. கண்ணாடிக்குள் இருந்த மெல்லிய கோடுகள் துளையைச் சுற்றிச் சுற்றி ஓடின. மணியின் பிறப்பைச் சொல்லும் அடையாளம் அந்தக் கோடுகள்தான். உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் சுற்றி, இளகியிருக்கும்போதே தட்டையான கருவியால் அழுத்திப் பட்டையாக்கினால் கோடு இப்படி விழும். கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிய மணி என்றால் கோடு துளையோடு நீளவாக்கில் போகும். நிறம் கோபால்ட் தந்தது.

இந்த வகை மணிகள் நெதர்லாந்தில் செய்யப்பட்டவை என்பதே பொதுவான கருத்து. ஆம்ஸ்டர்டாமில் 17-ஆம் நூற்றாண்டில் மணிப் பட்டறைகள் இருந்தன. அவற்றின் கழிவுகளை அங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்கள். 1621-இல் தொடங்கிய டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் கண்ணாடி மணி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனது. அங்கே மணிக்கு மாற்றாக வாங்கிய பொருள்களில் மனிதர்களும் அடக்கம்.

இனி கடலில் வீசிய கதை. விரிகுடாவை ஒட்டிய கீழ் ஊரில் நடந்தால் இடிந்த சுவர்கள் தண்ணீருக்குள் இறங்கிப் போவது தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கே வரிசையாக நூற்றுக்கணக்கான கிடங்குகள் நின்றன. சுங்கம் இல்லாத துறைமுகம் என்பதால் ஸ்டேஷியாவைத் ‘தங்கப் பாறை’ என்றார்கள். 1776 நவம்பர் 16 அன்று ஆண்ட்ரூ டோரியா என்ற அமெரிக்கக் கப்பலுக்குக் கோட்டையிலிருந்து பதில் மரியாதைக் குண்டு முழங்கியது. அமெரிக்கக் கிளர்ச்சிக்காரர்களுக்கு வெடிமருந்தும் இங்கிருந்தே போனது. ஆத்திரத்தில் இருந்த பிரிட்டனின் கடற்படைத் தளபதி ராட்னி 1781 பிப்ரவரி 3 அன்று தீவைப் பிடித்து, சரக்குகளைப் பறித்து ஏலம் விட்டார். பிறகு வியாபாரம் படிப்படியாக ஓய்ந்தது; கைவிடப்பட்ட கிடங்குகளைப் புயலும் அலையும் தின்றன. மணி மூட்டைகள் கடலுக்குப் போக இவ்வளவே போதும். 1863-இல் ஒரே நாளில் எல்லோரும் வீசினார்கள் என்பதை நான் நம்பவில்லை.

ஆனால் இடுப்புக் கணக்கை அப்படித் தள்ள முடியவில்லை. பெண்கள் இடுப்பில் மணிச் சரம் கட்டுவது மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக இன்றைய கானாப் பகுதியில், தொன்றுதொட்ட வழக்கம். இந்த வழக்கம் ஆம்ஸ்டர்டாம் பட்டறைக்காரனுக்கு எங்கே தெரியும்? கப்பலின் அடித்தளத்தில் விலங்கோடு வந்தவர்கள் பெரும்பாலும் எதையும் கையில் எடுத்து வரவில்லை. இந்த நினைவை எடுத்து வந்தார்கள். அவர்களை வாங்கக் கொடுத்த பொருளையே இங்கே தங்கள் சீராக மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். கண்ணாடிக்குப் பிறந்த வீடு ஐரோப்பா. இந்தத் தீவு சொல்லும் மணிக்கோ ஆப்பிரிக்கா.

உறுதியான சான்று கிடைத்தால் அது அடிமைகள் வாழ்ந்த, இறந்த மண்ணில்தான் கிடைக்க வேண்டும். 2021-இல் விமான நிலையத்தை ஒட்டிய பழைய தோட்டம் ஒன்றில் ஆப்பிரிக்க வழியினரின் இடுகாடு வெளிப்பட்டது. தோண்டத் தொடங்கியதும் தீவு மக்கள் எதிர்த்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் முன்னோரை எப்படித் தோண்டலாம் என்ற கேள்வி எழுந்தது, வேலை நிறுத்தப்பட்டது. என் தேடலும் அந்த இடத்தில் நிற்கிறது. அவர்கள் கேட்டது நியாயம். முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.