பந்து விழுந்தால் யாரும் எடுக்க வராத வீட்டுக்கு

அன்புள்ள பேய் வீட்டுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிடுவதில் உனக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன். அம்பத்தூர் ஓ.டி.க்குப் பின்னால், ஏரிப் பக்கம் போகும் தெருவில் எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேட்டில் துருவேறிய பூட்டு. கொல்லையில் முருங்கை மரம், அதன் நிழலில் துவைக்கிற கல், பாதி தூர்ந்த கிணறு. அண்ணன் தம்பிக்குள் சொத்து வழக்கு என்பதுதான் நீ பூட்டிக் கிடந்த காரணம். ஆனால் வழக்கைப் பற்றி யார் பேசுவார்கள்? அமாவாசை அன்று கொலுசுச் சத்தம் கேட்கிறது என்பதுதான் தெருவில் நின்றது. பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து உன் மதிலுக்குள் விழுந்தால் அதோடு போச்சு. புதுப் பந்துக்குக் காசு சேர்ப்பார்களே தவிர, உள்ளே வரமாட்டார்கள்.

பேய் வீடே, அதனால்தான் நாங்கள் வந்தோம், நானும் என் தோழியும். 2011, நாங்கள் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரே அறை. அவள் வீட்டில் ஆறு பேர். என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார், அதனால் குரலை உயர்த்திப் பேசக்கூட இடமில்லை. ஏரிக்கரையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்தால் நாலு பேர் கேட்பார்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்தால் தெரிந்தவர் யாராவது ரயிலிலிருந்து இறங்குவார். மதிலின் பின்பக்கம் செங்கல் சரிந்த இடத்தில் அவள் முதலில் ஏறி, எனக்குக் கை கொடுத்தாள். நாலரை மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை, அந்தத் துவைக்கிற கல்லில், முருங்கைப் பூ தலையில் உதிர உதிர. இந்த ஊரில் எங்களுக்கென்று கிடைத்த முதல் எழுபத்தைந்து நிமிடங்கள் அவை. அங்கேதான் அவள் என் கையைப் பிடித்தாள். எல்லாத் தோழிகளும் கை பிடிப்பார்கள். இது அப்படியில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும்.

பேய் வீடே, ஒரு குற்றத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த வருஷம் கேட்ட கொலுசுச் சத்தம் அவளுடையது. ஒருநாள் இரண்டு பையன்கள் துணிந்து மதிலில் ஏறிவிட்டார்கள். அவள் காலிலிருந்து கொலுசைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மெல்ல ஆட்டினேன். அவர்கள் ஓடிய ஓட்டம்! அதற்குப் பிறகு அமாவாசை வரைக்கும் நாங்கள் காத்திருக்கவில்லை. உனக்கு நாங்கள் சேர்த்த கெட்ட பேர் கொஞ்சமில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் அதைச் சுமந்தாய்.

பேய் வீடே, அந்த ஜூலையில் உன் கதைதான் ராக்கி தியேட்டரில் ஓடியது. ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’. டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனோம். படத்தின் முக்கியப் பேய் ஒரு திருநங்கை. அந்த வேடத்தில் சரத்குமார். பெற்றவர்கள் துரத்திய பிள்ளை, தன்னைப் போலவே துரத்தப்பட்ட இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள், நிலத்துக்காகக் கொல்லப்படுகிறாள். அவள் சேலையோடு எழுந்து நின்றபோது, எஸ்டேட்டிலிருந்து யூனிபார்மோடு வந்திருந்த அண்ணன்கள் விசில் அடித்தார்கள். தெருவில் திருநங்கை ஒருத்தி கடந்துபோனால் கேலி பேசும் அதே வாய்கள்தாம். செத்துப் பேயான பிறகுதானா இந்தக் கைதட்டல் என்ற கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அன்று இருட்டில் என் பக்கத்தில் இருந்தவள் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்களைப் போன்றவர்கள் ஒரு கதைக்குள் இருக்க முடியும் என்று நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கதைக்கு இடம் கொடுத்தது, வேறு யார், நீதான்.

பேய் வீடே, இனிச் சொல்லப்போவது எனக்கு எழுதச் சிரமமானது. பன்னிரண்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டில் அவள் எழுதிய கடிதம் அம்மா கையில் சிக்கியது. பெயர் போடாத கடிதம். ஆனால் எழுதியது ஒரு பெண் என்பது படித்தவுடனே தெரிந்துவிடும். அம்மா அடிக்கவில்லை, உட்கார்ந்து அழுதாள். “என் பொண்ணு இப்படி இல்ல, இவளுக்கு ஏதோ புடிச்சிருக்கு” என்றாள் அத்தை. பூந்தமல்லி தாண்டி ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போனார்கள். எலுமிச்சம்பழம், வேப்பிலை, சாம்பிராணிப் புகை. கூந்தலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “யாரு நீ? பேரைச் சொல்லு!”

சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த நாள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருந்திருந்தால் அதையாவது சொல்லியிருப்பேன். என்னை என்னவென்று சொல்வது என்று பதினேழு வயதில் எனக்குத் தெரியாது. வேப்பிலை மூன்றாவது முறை தோளில் விழுந்தபோது, வாயில் வந்தது நீ. “முருங்க மரத்து வீட்டுல இருந்து வர்றேன்” என்றேன். எங்கிருந்தோ குரலை இழுத்து, தலையை ஆட்டி, கொலுசு ஆட்டக் கற்ற அதே திறமையோடு. கூடியிருந்த எல்லோர் முகத்திலும் நிம்மதி. அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். உன்னை விரட்டியதாக நினைத்து, எனக்கு ஒரு தாயத்தைக் கட்டி அனுப்பினார்கள். அதன்பிறகு கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பரீட்சை எழுதினேன்.

பேய் வீடே, என் பழியை நீ ஏற்றுக்கொண்டாய். பெற்றவர்களே ஏற்காத ஒன்றை, செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்ற நீ ஏற்றாய். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கடனுக்காகத்தான்.

பேய் வீடே, உன்னை இடித்தபோது நான் ஊரில் இல்லை. வழக்கு முடிந்து, 2014-இல் உன் இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது என்று தங்கை போனில் சொன்னாள். என்னவளையும் அதற்குள் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குள் பேச்சு அறுந்த ஆறு வருஷங்களைப் பற்றி உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாட்களில் உன்னைப் புத்தகங்களில் தேடினேன், அதைச் சொல்கிறேன். அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு 1872-இல் எழுதிய ‘கார்மில்லா’வில் உன்னைக் கண்டேன். டிராகுலா பிறப்பதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பு. காட்டு நடுவே கோட்டை, அதில் தனியாக வளரும் லாரா, விருந்தாளியாக வந்து தங்கும் கார்மில்லா. இருவருக்கும் நடுவே நடப்பது காதல்தான், வேறு பெயர் வைக்க முடியாது. ஆனால் அந்தக் கதையில் காதலிக்கிறவளே இரத்தம் குடிக்கும் பிசாசு. பெரியவர்கள் கூடி அவள் கல்லறையைத் திறந்து, நெஞ்சில் முளையடித்து, எரித்துவிடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகும் லாராவுக்கு வாசலில் அவள் காலடி கேட்பதுபோலவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, எனக்குக் கட்டிய தாயத்தைத் தொட்டுப் பார்த்தேன். பூந்தமல்லி மந்திரவாதியும் இந்தக் கதையைத்தான் படித்திருக்கிறார் என்று தோன்றியது. அன்றிரவு தாயத்தை அறுத்தேன்.

பேய் வீடே, 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. அன்று மாலை ஆறு வருஷத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: “முருங்கப் பூ ஞாபகம் இருக்கா?” 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இது புரியவில்லை என்பதை மறைக்காமல், தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஜூன் 7-இல் அவர் ஆணை பிறப்பித்தார். எங்களை ‘மாற்றுகிறேன்’ என்று மருத்துவத்தின் பேரில் செய்யும் முயற்சிகளுக்கு அதில் தடை இருந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, எங்களை மரியாதையோடு அழைக்கத் தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றை 2022-இல் அரசிதழிலேயே வெளியிட்டார்கள். “பேரைச் சொல்லு” என்று கேட்டார்களே, பத்து வருஷம் கழித்துச் சொல்லப் பெயர் வந்தது. அந்தப் பட்டியலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

பேய் வீடே, அதே வருஷம்தான் நாங்கள் இருவரும் வீடு தேடினோம். கொரட்டூரிலிருந்து ஆவடி வரை ஏறி இறங்காத படி இல்லை. “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்பதுதான் எல்லா வாசலிலும் முதல் கேள்வி. அக்கா தங்கை என்றால் ஜாடை இல்லை என்பார்கள். தோழிகள் என்றால், “கல்யாணம் எப்போ?” உண்மையைச் சொன்ன ஒரே இடத்தில் கதவு முகத்தில் சாத்தப்பட்டது. கடைசியில் அண்ணனூரில், ரயில் பாதைக்குப் பக்கத்து வரிசையில், புரோக்கர் தயங்கித் தயங்கி ஒரு வீட்டைக் காட்டினார். “வாடகை கம்மி, அட்வான்ஸும் கம்மி. ஆனா சொல்லிடறேன்மா, உள்ள ஒரு பொண்ணு செத்துப்போச்சு. மூணு வருஷமா யாரும் வரல. ராத்திரி சத்தம் கேக்குதுன்றாங்க.” நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரம்மா எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேய் வீடே, உருவம் மாறி வந்திருந்தாலும் அது நீதான் என்று வாசலிலேயே தெரிந்தது. இப்போதும் எங்கள் மாடிக்குப் பந்து வந்தால் யாரும் எடுக்க வருவதில்லை. நான்தான் கீழே போட்டுவிடுகிறேன்.

பேய் வீடே, அடுத்த வருஷம் என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு நாவல் வாங்கித் தந்தாள். வியட்நாமிய அமெரிக்க எழுத்தாளர் டிராங் தான் டிரான் எழுதிய ‘ஷி இஸ் எ ஹாண்டிங்’, 2023-இல் வந்தது. பதினேழு வயது ஜேட், கல்லூரிக் காசுக்காக, விட்டுப்போன அப்பாவிடம் வியட்நாமின் தாலாத் மலையூருக்குப் போகிறாள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வீடொன்றை அவர் தங்கும் விடுதியாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். வீட்டின் பெயர் ‘ஞா ஹோவா’, பூவீடு. இரவில் மணப்பெண் ஒருத்தியின் ஆவி வந்து, சாப்பிடாதே என்று அவளை எச்சரிக்கிறது. ஜேட் சொல்வதை வீட்டில் யாரும் நம்பவில்லை. அப்போது ஃப்ளாரன்ஸ் என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? வீட்டாரைப் பயமுறுத்தி வெளியேற்ற, தானே பொய்யாகப் பேய் காட்டுகிறாள்! அந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை உலுக்கி எழுப்பினேன். “கொலுசு! நம்ம கொலுசு!”

அந்தப் புத்தகத்துக்கு நான் பட்ட கடன் வேறு ஒன்று. அதில் பேய் என்பது அந்நியர் ஆண்ட காலத்தின் கொடுமை, குடும்பம் வாய் திறக்காமல் வைத்திருந்த துக்கம். அவை சுவருக்குள் ஊறிக் கிடக்கின்றன. காதலிக்கிற பெண்ணோ, அந்த வீட்டுக்குள் கூட வருகிறவள், சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறவள். கார்மில்லாவிலிருந்து இங்கே வர நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கிறது. பதினேழு வயதில் இந்தப் புத்தகம் என் பையில் இருந்திருந்தால், வேப்பிலை விழுந்த அந்தப் பகலின் நடுவே நானும் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பேன். இன்று அம்பத்தூரில் யாரோ ஒரு பெண்ணின் பையில் அது இருக்கட்டும்.

பேய் வீடே, ஒரு கடன் மட்டும் எப்படி அடைப்பதென்று தெரியாமல் கிடக்கிறது. இந்த அண்ணனூர் வீட்டில் இறந்துபோன பெண் யார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்த்தோம். “அந்தப் பொண்ணு” என்பதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. அவள் போனதால்தான் எங்களுக்கு இந்தக் கூரை. அதை நினைக்காமல் ஒரு மாத வாடகைகூடக் கொடுத்ததில்லை. இரவு பதினொன்றரைக்கு ஆவடிப் பக்கம் ரயில் போகும்போது அடுக்களைப் பாத்திரம் குலுங்கும். அதுதான் ஊர் சொல்லும் சத்தம். ஆனால் குடிவந்த அன்று, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அரக்கு நிறம், சின்னவை. வெள்ளையடிக்க வந்தவரிடம், கண்ணாடியைத் தொட வேண்டாம் என்று என்னவள் சொல்லிவிட்டாள். தன் பொட்டை இரவு கழற்றி அவற்றுக்குக் கீழே ஒட்டிவைப்பாள், நான் என்னுடையதைப் பக்கத்தில். அந்தப் பெண்ணின் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். என்றாவது எங்களிடம் சொல்.

இப்படிக்கு,
உன் மதில் ஏறியவள்