26 இன்ச் பிறந்த மலைப்பாதை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலம் தாண்டி வடக்கே போனால் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊர். அதற்கு மேலே மலையில் ஒரு மண்சாலை. பெயர் ரீபேக். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம்! 1976 அக்டோபரில் உள்ளூர் இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் இங்கே பந்தயம் விட்டார்கள். ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். அதுதான் பெயர்க் காரணம்.

அந்த வண்டிகளில் தடித்த 26 இன்ச் டயர். யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த அளவல்ல. கையில் கிடைத்தது அதுதான். அதுவே கால் நூற்றாண்டுக்கும் மேலாக மலை சைக்கிளின் அளவாக இருந்தது. பிறகு 29 வந்தது. பெரிய சக்கரம் கல், வேர் மேல் சுலபமாக உருண்டு ஏறும். 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் போட்டியில் தங்கம் 29-க்கு, வெள்ளி 27.5-க்கு.

29 நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுக்குலையாத 26 வண்டி வைத்திருப்பவர், நல்ல டயருக்கும் ஃபோர்க்குக்கும் அலைகிறாரே! பெரிய சக்கரம் பழைய ஃபிரேமில் நுழையாது.

ஃபேர்ஃபாக்ஸ் சைக்கிள் அருங்காட்சியகத்தில் அந்தக் கால வண்டிகள் நிற்கின்றன. ரீபேக் ஏறும் முன் அங்கே எட்டிப் பாருங்கள்.