கிரிவலப் பாதையில் ஒரு கேள்வி

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் பௌர்ணமியை விட்டுவிட்டு வேறு ஏதாவது ஒரு நாளில் போங்கள். பௌர்ணமி இரவில் நாம் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. கூட்டமே நம்மை இழுத்துக்கொண்டு மலையைச் சுற்றி, புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். மலையைப் பார்க்க வேண்டுமானால் முன்னே போகிறவர் தயவு பண்ணித் தலையைக் குனிய வேண்டும்!

இது என் பெரியம்மாவின் உபதேசம். பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் கிரிவலம் போகிறவர் அவர். "திருவண்ணாமலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும், வழிகாட்டி வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று பெரியம்மாவையே துணைக்கு அழைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுகளையும் தாண்டிச் சிறிது தூரம் போனதும் பெரியம்மா சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். எட்டிப் பார்த்தேன். தூரத்தில் நீல நிறத்தில் ஒரு மலை. அண்ணாமலை!

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். கிழக்கு ராஜகோபுரத்துக்குப் பதினொரு நிலை. 217 அடி உயரம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தபின் உள்ளே நுழைந்தால், வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம். அதற்குள் படியிறங்கினால் பாதாள லிங்கம்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்தான். பேச்சில்லை, சாப்பாட்டு நினைவில்லை, உடம்பு நினைவும் இல்லை. தெருப்பிள்ளைகள் அவன் மேல் கல் எறிந்தார்கள். பையன் பாதாள லிங்கத்தின் இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண். ஊரார் பலர் பித்தர் என்று நினைத்த சேஷாத்ரி சுவாமிகள்தான் அந்தப் பையனுக்குக் காவலாக நின்றார். கடைசியில் சிலர் உள்ளே இறங்கி அவனைத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள். அந்தப் பையன்தான் பின்னால் ரமண மகரிஷி.

இது பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் பெரியம்மா அங்கே நின்றுகொண்டு சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. "மகான் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது அப்புறம்தானே? யாரோ பெற்ற பிள்ளை புண்ணோடு கிடக்கிறானே என்று அன்றைக்கு நாலு பேர் தூக்கி வந்தார்கள் பார், அதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுவிட்டுப் போகிறேன்."

ஏன் அப்படிச் சொன்னார் என்பது மறுநாள் காலையில்தான் விளங்கிற்று.

விடியற்காலை நாலு மணிக்கு வெறுங்காலோடு புறப்பட்டோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள். அக்கினி லிங்கம், ரமணாசிரமம், யம லிங்கம், நிருதி லிங்கம் என்று போகப் போக மலை தன் உருவத்தை மாற்றிக்கொண்டே வருகிறது. அடி அண்ணாமலை வந்தபோது பொழுது விடிந்துவிட்டது.

வழியெல்லாம் மனிதர்கள். காவி கட்டியவர்கள், திருவோடு ஏந்தியவர்கள், அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பவர்கள். இவர்களோடு இன்னொரு வகையினரும் உண்டு. சடை பிடித்த தலை, மேலே கந்தல், தமக்குள்ளேயே பேச்சு. எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊர் அவர்களுக்குச் சோறு போடுகிறது. அதற்காக இதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வாயு லிங்கம் தாண்டி ஒரு புளியமரம். அதனடியில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். ஈர்க்குச்சிகளைக் கட்டி விளக்குமாறு செய்து, மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தாள். பெருக்கிய இடத்தில், விரலால் மண்ணைக் கீறி, புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம்! தாமரைக் கோலம். இழை பிசகவில்லை.

எங்களுக்கு முன்னால் போன ஒருவர், "பெரிய சித்தராக இருப்பாங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவள் காலடியில் விழுந்தார். விழுந்த வேகத்தில் அவர் முழங்கால் கோலத்தின் மேல்.

"ஐயோ, கோலத்தை மிதிக்காதீங்க!" என்று அந்தப் பெண் அலறினாள்.

அவர் பயந்துபோய், இருபது ரூபாய் நோட்டை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அந்தப் பெண் நோட்டைப் பார்க்கவேயில்லை. அழிந்த இழையை மறுபடி போட ஆரம்பித்தாள்.

பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு நடந்துகொண்டே, மலையைப் பார்த்தபடி கேட்டார்: "ஏண்டி, எனக்குப் பிறகு உன் அண்ணனும் இப்படித்தான் ஏதாவது மரத்தடியில் உட்காருவானோ?"

பதினோரு வருஷக் கிரிவலத்தின் வேண்டுதல் இதுதான். அண்ணாவுக்கு இப்போது முப்பத்தாறு வயது. கல்லூரியில் படிக்கும்போது மனச்சிதைவு நோய் வந்தது. உலகத்தில் ஏறக்குறைய முந்நூறு, முந்நூற்றைம்பது பேரில் ஒருவருக்கு வருகிற நோய் அது. மருந்தினால் இப்போது எவ்வளவோ தேவலை. பால் வாங்கி வருவான். குறுக்கெழுத்துப் போட்டி போடுவான். அவன் போடும் காப்பி பிரமாதமாயிருக்கும். ஆனால் மாத்திரையை ஒருவர் நினைவூட்ட வேண்டும். மனசு சரியில்லாத நாளில் கூட ஒருவர் இருக்க வேண்டும். பெரியப்பா போய்விட்டார். பெரியம்மாவுக்கு எழுபது.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்தக் கேள்வி இருக்கக்கூடும் அல்லவா?

முதலில் ஒரு துக்க சமாசாரம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. மனநோயைத் தீர்க்கும் தலம் என்று எல்லா மதத்தாரும் நம்பிப் போகிற இடம். சுற்றிலும் தனியார் கொட்டகைகள் முளைத்தன. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பணம் கட்டி அங்கே விட்டுவிட்டு வந்தார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். சங்கிலி போடுவதை இன்று சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

இன்னொரு தலத்தின் கதை வேறு மாதிரி. பெல்ஜியம் தேசத்தில் கீல் என்று ஒரு சிற்றூர். அங்கேயும் ஒரு கோயில். டிம்ப்னா என்ற புனிதவதியின் மாதா கோயில். சித்தம் கலங்கியவர்களை அங்கே கூட்டி வருவார்கள். கோயிலில் இடம் போதாமல் போகவே, "உங்கள் வீட்டில் ஆளுக்கொருவரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஊராரைக் கேட்டார்கள். ஊராரும் வைத்துக்கொண்டார்கள். இது நூற்றாண்டுக் கணக்கில் நடந்துவந்த வழக்கம். நோயாளி என்று சொல்வதில்லை; வீட்டோடு தங்கியிருப்பவர் என்றுதான் பெயர். காலையில் தோட்ட வேலை, மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பாடு. 1930-களின் கடைசியில் மூவாயிரத்தைந்நூறு பேருக்கு மேல் இப்படி வாழ்ந்தார்கள். இப்போது எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டாலும் வழக்கம் நிற்கவில்லை. 2023-இல் யுனெஸ்கோ அதை மரபைப் பாதுகாக்கும் நல்ல முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

"அது சீமை, நம் ஊரில் நடக்குமா?" என்பீர்கள். நடக்கிறது.

1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் சித்தம் கலங்கித் திரிந்த ஒரு பெண்ணுக்கு இடம் தேடி அலைந்தார்கள். கிடைக்கவில்லை. அந்த அலைச்சலில் பிறந்ததுதான் 'தி பேனியன்' என்ற அமைப்பு. முகப்பேரில் 'அடைக்கலம்' என்ற இல்லம் உண்டாயிற்று. சிகிச்சையில் தெளிந்த பலருக்கு ஊர் நினைவு வந்தது; வீட்டுக்குப் போனார்கள். ஆனால் சிலருக்குப் போக வீடு இல்லை; சிலரை வீடு ஏற்கவில்லை. தெளிந்தபிறகும் ஆயுள் முழுவதும் இல்லத்திலேயே கிடக்க வேண்டுமா?

2015-இல் அவர்கள் கண்ட வழி எளியது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு ஒன்றை வாடகைக்கு எடுப்பது. மனத்துக்கு ஒத்துப்போகிற நாலைந்து பேர் சேர்ந்து அதில் குடியிருப்பது. உதவிக்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண்மணி. மருந்தைக் கவனிக்கவும் குறை கேட்கவும் மருத்துவரும் சமூக சேவகரும் வந்து போவார்கள். மற்றபடி இன்றைக்குச் சாம்பாரா, காரக்குழம்பா என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள். 'ஹோம் அகெய்ன்', அதாவது 'மீண்டும் வீடு', என்று இதற்குப் பெயர். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் பல தேசத்து நல்ல முறைகளை எடுத்துக் காட்டியது. அதில் நம் சென்னையின் இந்த முறையும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு வெளியேயும் இது பரவியிருக்கிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், குடும்பம் இல்லை அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சமூகத்தின் நடுவே வாழ்வது அவர்கள் உரிமை. அதற்கான இல்லங்களை ஏற்படுத்துவது அரசின் கடமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் மனநோயும் அடங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் அடையாள அட்டைக்கு வழி செய்துகொள்ளலாம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பெரிய பிள்ளைகளுக்கு, கலெக்டர் தலைமையிலுள்ள குழுவின் மூலம் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோர் உடம்பில் தெம்பிருக்கும்போதே செய்ய வேண்டிய காரியங்கள் இவை.

தெருவில் திரிகிறவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. அப்படி ஒருவரைக் கண்டால் போலீசாருக்குச் சொல்லலாம். அவருக்குப் பாதுகாப்புத் தந்து மருத்துவரிடம் சேர்ப்பது அவர்கள் கடமை என்கிறது அதே மனநலச் சட்டம். என்ன செய்வதென்று புரியாத குடும்பத்தார் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், கட்டணம் இல்லை.

இத்தனையையும் பெரியம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அண்ணா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பெரியம்மா டம்ளரை ஆற்றிக்கொண்டே, "எல்லாம் சரிதான். சட்டம் இருக்கு, டாக்டர் இருக்கார். வீட்டை யார் வாடகைக்குக் கொடுப்பா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் போன வருஷம் எங்கள் குடியிருப்பில் நடந்ததைப் பெரியம்மாவுக்கு நான் சொன்னதில்லை. கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாயிற்று. நோய் தெளிந்த நாலு பெண்கள் குடியிருக்க அதை வாடகைக்குக் கேட்டு ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "குழந்தைகள் இருக்கிற இடம்" என்றார் ஒருவர். "நாளைக்கு வீடு விலை போகாது" என்றார் இன்னொருவர். கைதூக்கச் சொன்னார்கள். அண்ணன் ஒருவன் இப்படியிருக்க, அவன் போட்ட காப்பியை எத்தனையோ தடவை குடித்த நானும், ஊரோடு ஒத்து, வேண்டாமென்று கைதூக்கினேன். அந்த நாலு பேர் எங்கே போனார்களோ தெரியாது.

புளியமரத்தடியில் அந்த மனிதர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர் தெரியாமல் முழங்காலை வைத்தார். நான் தெரிந்தே வைத்தேன்.

பெரியம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அடுத்த கூட்டம் எப்போது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கீழ்த்தளத்து வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். ஆனால் மூன்றாவது மாடியில் ஒன்று காலி. எழுந்து நின்று பேசினேன். குரல் கொஞ்சம் நடுங்கிற்று. எனக்கு இப்படி ஓர் அண்ணன் இருக்கிறான் என்பதை அங்கே முதல் தடவையாகச் சொன்னேன். கூட்டம் முடிந்தபின் இரண்டு பேர் தனியாக வந்து, தங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு என்று மெல்லச் சொன்னார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

அதற்குள் ஒரு தடவை திருவண்ணாமலைக்குப் போய்வர உத்தேசம். இந்தத் தடவை அண்ணாவும் வருகிறான். நீங்களும் போனால், மரத்தடிகளில் கோலம் இருந்தால் கொஞ்சம் பார்த்து நடங்கள். உங்கள் தெருவுக்கு யாராவது வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், கதவைச் சாத்துவதற்கு முன் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.